சமவெளியிலிருந்து 5,364 மீட்டருக்கு: டெல்டாக்காரர்களுக்கான எவரெஸ்ட் அடிவார முகாம் வழிகாட்டி

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கும்பகோணம் அதில் பாதி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் வீட்டு வாசற்படியையே மேடு என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் மலை என்று திருச்சி மலைக்கோட்டையைச் சொன்னாலும் அது 83 மீட்டர் பாறைதான். இப்படிப்பட்ட ஊரிலிருந்து நேபாளத்தின் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி: "கால் தாங்குமா?"

தாங்கும். நான்கு மாதம் ஒழுங்காக நடந்தால் யார் காலும் தாங்கும். இங்கே தயார் செய்ய முடியாதது உயரத்தைத்தான். 5,364 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றே பாதியாக மெலிந்துவிடுவதால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதும் பாதியாகிவிடுகிறது. இதற்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும். அந்த நாட்களை மலையிலேயே செலவழித்தாக வேண்டும், ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. ஆகவே திட்டம் போடும்போது முதலில் எண்ண வேண்டியது நாட்களை. கிலோமீட்டர், ஷூ, ஜாக்கெட் எல்லாம் அதற்குப் பிறகு.

இதையொட்டிச் சில நம்பிக்கைகளை இங்கேயே கழித்துவிடலாம். கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கினால் பழகிவிடும் என்பார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். 5,000 மீட்டருக்கு உடம்பைப் பழக்க அந்த உயரம் போதாது. பழகிய கொஞ்சமும் கீழே இறங்கிய ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும். முகத்தில் மாட்டி ஓடும் 'ஆல்டிட்யூட் மாஸ்க்' மூச்சுத் தசைக்குப் பயிற்சி தரலாம், காற்றழுத்தத்தைக் குறைக்காது. கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து முகர்வது நம்மவர்களிடம் பரவலான வழக்கம். மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜன்கூட ஏறாது. ஸ்ப்ரே டப்பா ஆக்சிஜன் சில மூச்சுக்கு வரும், அவ்வளவுதான். பிராணாயாமம் செய்கிறவர்கள் தொடரட்டும். பதறாமல் மூச்சு விடத் தெரிந்தவர் மேலே கொஞ்சம் நிதானமாக இருப்பார். ஆனால் அதுவும் உயரப் பழக்கத்துக்கு ஈடாகாது.

எந்த மாதம்

பேஸ் கேம்ப்புக்கு இரண்டு பருவங்கள்: மார்ச் முதல் மே வரை, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை அங்கே மழைக்காலம். டெல்டாவில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஏப்ரல்தான். வானம் துலக்கமாக இருப்பது அக்டோபரில்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அக்டோபரில் போக வேண்டுமென்றால் ஜூன் வெயிலில் பயிற்சி தொடங்க வேண்டும். விவசாயம் உள்ள வீடென்றால் ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை, அடுத்துச் சம்பா நடவு என்று ஒரு நாள் நகர முடியாது. ஊர் திரும்பும்போது வடகிழக்குப் பருவமழை வேறு. ஏப்ரலுக்கு அந்தக் கஷ்டமில்லை: மார்கழி ஒன்றாம் தேதி நடக்கத் தொடங்கினால் பங்குனிக் கடைசிக்குள் 16 வாரம் கிடைக்கும். தை, மாசியில் அறுப்பும் முடிந்திருக்கும்.

நாள் கணக்கு

விதி எளிது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஒரு இரவு படுக்கும் இடத்துக்கும் அடுத்த இரவு படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் சரி, கணக்கு படுக்கும் உயரத்துக்குத்தான்.

முதல் நாள் லுக்லாவில் (2,860 மீ.) விமானம் இறங்கி பாக்டிங் (2,610) வரை இறக்கமாக நடை. இரண்டாம் நாள் நாம்சே பஜார் (3,440). மூன்றாம் நாள் நாம்சேயிலேயே. பகலில் 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறிவிட்டு இறங்கிவிட வேண்டும். நான்காம் நாள் தெங்போச்சே (3,860), ஐந்தாம் நாள் டிங்போச்சே (4,410). ஆறாம் நாள் அங்கேயே தங்கி, பின்னால் இருக்கும் நாங்கர்ட்சாங் மேட்டில் முடிந்தவரை ஏறி இறங்குங்கள். ஏழாம் நாள் லோபுச்சே (ஏறத்தாழ 4,910). எட்டாம் நாள் கோரக்ஷெப் (5,160 அளவில்) போய்ப் பையை வைத்துவிட்டு, பேஸ் கேம்ப் போய்த் திரும்பி, கோரக்ஷெப்பில் படுக்கை. ஒன்பதாம் நாள் விடியலில் காலா பத்தர் (5,500 மீட்டருக்கு மேல்), அப்படியே பெரிச்சே வரை இறக்கம். பத்தாம் நாள் நாம்சே, பதினொன்றாம் நாள் லுக்லா, பன்னிரண்டாம் நாள் விமானம்.

பாக்டிங்கிலிருந்து நாம்சே ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம். விதியை மீறுவதுபோல் தெரியும். 3,000-க்கு மேல் படுக்கும் முதல் இரவு அது. அதற்காகத்தான் மறுநாள் ஓய்வு. தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சேயும் 550 மீட்டர், விதியைவிடச் சற்று அதிகம். அங்கும் மறுநாள் ஓய்வு. இந்த ஓய்வு நாட்களைத்தான் எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள். லீவு போதவில்லை, நண்பர் ஒன்பது நாளில் முடித்தார், நமக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆயிரம் காரணம் வரும். லீவு போதவில்லை என்றால் வேறு சின்ன மலைக்குப் போங்கள். நாளை வெட்டுகிற ஏஜென்சியின் திட்டம் விலை குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஒரு நாள் தங்கல், சாப்பாடு, வழிகாட்டிச் சம்பளம் குறைகிறதல்லவா.

இந்தப் பன்னிரண்டு நாளோடு இரண்டு நாள் உபரி சேருங்கள். லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், அதுவும் சரிவானது. விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். மேகம் இறங்கினால் அன்றைய கணக்கு முடிந்தது. கூட்டம் மிகுந்த மாதங்களில் காத்மாண்டுவிலிருந்து நேரடியாகப் பறக்காமல், நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்தில் ராமேச்சாப் மந்தலி விமான நிலையத்துக்கு நள்ளிரவில் கிளம்ப வேண்டிவரும். டிக்கெட் எடுக்கும்போதே எங்கிருந்து விமானம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினாறு வாரப் பயிற்சி

பாக்டிங்–நாம்சே நாளில், கடைசித் தொங்குபாலத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம். ஒரு படி 17 சென்டிமீட்டர் என்று வைத்தால் 3,500 படி. குளித்தலை அருகே ஐயர்மலையில் 1,017 படிகள். அதாவது ஐயர்மலையை விடாமல் மூன்றரை முறை ஏறுவதற்குச் சமம். அதுவும் காற்று மெலிந்த இடத்தில். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மார்கழி. கோயில் ஒலிபெருக்கி எப்படியும் நாலரைக்கு எழுப்பிவிடும். வாரத்தில் ஐந்து நாள், 5 முதல் 6 கிலோமீட்டர், ஆற்றங்கரை மண் பாதையில். தார்ச்சாலை வேண்டாம், மூட்டுக்கும் கேடு, பனிமூட்டத்தில் லாரிக்காரருக்குக் கண்ணிலும் படமாட்டீர்கள். வேகத்துக்கு ஓர் அளவு: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வார்த்தை உடைந்து வந்தால் வேகம் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி. இரண்டு மாடி வீடென்றால் ஏறக்குறைய ஆறு மீட்டர். இருபது முறை ஏறினால் 120 மீட்டர்.

தை. அதே நடை, முதுகில் 4 கிலோ. பையில் அரிசிப் பொட்டலம் வைப்பதைவிடத் தண்ணீர் பாட்டில்கள் நல்லது. படி ஏறி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம், முழங்கால் தப்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை 12 முதல் 15 கிலோமீட்டர். அறுப்பு வேலையில் இருப்பவர்கள் அதையும் உழைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் குனிந்து செய்யும் வேலை ஏற்றத்துக்கான தொடைத் தசையைத் தராது.

மாசி. பை 6, 7 கிலோ. இப்போது சேர்க்க வேண்டியது அடுத்தடுத்த நாள் நடை: சனி 15, ஞாயிறு 12. மலையில் சிரமம் ஒரு நாள் நடையில் இல்லை. நேற்றைய வலியோடு இன்றைக்கும் நடப்பதில்தான். தண்ணீர் வற்றிய கொள்ளிடத்தின் மணலில் வாரம் ஒருமுறை 3 கிலோமீட்டர் நடங்கள். கோரக்ஷெப்புக்கு முன் பனிப்பாறை ஓரத்தில் கற்குவியலில் கால் நழுவும். கணுக்காலுக்கு அந்தச் சமநிலையை இந்த மணல்தான் கற்றுத்தரும். மணல் குவாரிப் பள்ளம் இருக்கும் பக்கம் போகாதீர்கள்.

பங்குனி. வெயில் ஏறிவிடும், ஐந்து மணிக்கே தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். மூன்று வாரத்தில் இரண்டு முறையாவது ஐயர்மலை. முதல் முறை இரண்டு ஏற்றம், அடுத்த முறை மூன்று. முடிந்தால் ஒரு வாரக் கடைசி கொல்லிமலை ஆகாயகங்கைக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முதலில் இறக்கம், களைத்த காலோடு திரும்ப ஏற்றம் என்பதால் நல்ல சோதனை. கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஏறி இறங்கி முழங்கால் வீங்கிப் போகிறவர்கள் நிறைய.

இறக்கத்துக்குத் தனிப் பயிற்சி தேவை. இதை எழுதாத வழிகாட்டிகளே அதிகம். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்கி, மீண்டும் ஏறுங்கள். காலுக்குப் பதினைந்து, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முழங்கால் உள்பக்கம் மடங்கினால் எண்ணிக்கையைக் குறைத்து நேராகச் செய்யுங்கள்.

கிளம்பும் முன் ஆஸ்பத்திரி

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. நாற்பது தாண்டியவர்கள் மருத்துவர் சொன்னால் டிரெட்மில் சோதனையும். ரத்தசோகை இருந்தால் மூன்று மாதம் முன்பே தெரிய வேண்டும். கடைசி வாரத்தில் இரும்புச்சத்து மாத்திரை போட்டு ஏறாது. பல்லையும் பார்த்துவிடுங்கள், சொத்தைப் பல் மேலே போய் வலித்தால் ஆளையே இறக்கிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான மருந்து அசெட்டசோலமைடு. டயமாக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். தடுப்புக்கு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. நம் கடைகளில் பொதுவாக 250 மில்லிகிராமாகக் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். உயரம் ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்குவது வழக்கம்; இந்தத் திட்டத்தில் பாக்டிங்கில். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டியவை அல்ல. ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இது உடம்பு பழகுவதை விரைவாக்கும் மருந்து. இதைப் போட்டுக்கொண்டு ஓய்வு நாளை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று, கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும். தினமும் மூன்று டம்ளர் டிகிரி காப்பி குடிக்கிறவர் மலையில் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் மண்டை பிளக்கும். உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் உயரநோயின் முதல் அறிகுறியும் தலைவலிதான். எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒன்று, கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுங்கள். இல்லையேல் இன்ஸ்டன்ட் தூள் பாக்கெட்டுகளை எடுத்துப்போய் அதே நேரத்துக்குக் குடியுங்கள். ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 5,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 83 டிகிரி சுற்றியே கொதித்துவிடும். டிகாஷன் இறங்கும், ஊர் மணம் இருக்காது.

ஷூ

வாழ்நாள் முழுக்கச் செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த கால் நம்முடையது. முன்பாதம் அகலம், விரல்கள் விரிந்திருக்கும். ஒடுங்கிய முனை கொண்ட ஷூவில் அதை அடைத்தால் இரண்டாம் நாளே சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம். வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் தடித்த கம்பளிச் சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கயிறு கட்டி, கடையில் சாய்தளம் இருந்தால் அதில், இல்லையேல் படியில், முகம் கீழே பார்க்க இறங்குங்கள். பெருவிரல் நுனி முட்டினால் அரை அளவு பெரிதாக எடுங்கள். லோபுச்சேயிலிருந்து லுக்லா வரை இறங்கி நகம் கறுத்துப் போகிறவர்கள் எல்லாம் இந்த ஒரு சோதனையைச் செய்யாதவர்கள்தான்.

கணுக்காலை மூடும் உயரம், நீர் புகாத உள்துணி, அழுத்தினால் வளையாத அடிப்பாகம். வாங்கிய அன்றே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. மாசி, பங்குனி நடை முழுக்க அதிலேயே, குறைந்தது 100 கிலோமீட்டர். இறக்கத்துக்கு முன் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு உட்காரவைத்து, கணுக்கால் வளைவில் கயிற்றை இரண்டு முறை முறுக்கி இறுக்கிய பிறகே மேல்பகுதியைக் கட்ட வேண்டும். கீழ்ப்பகுதி தளர்வாக இருக்கட்டும். முந்தின இரவு கால்நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நடக்கும்போது எங்காவது சூடாக உறுத்தினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த டீக்கடை வரை போய்ப் பார்க்கலாம் என்றால் கொப்புளம் முந்திக்கொள்ளும்.

உடை

மார்கழியில் 20 டிகிரிக்கே மப்ளர் கட்டுகிற ஊர் நம்முடையது. ஏப்ரலில்கூட கோரக்ஷெப் இரவு பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே போகும். அதற்காக ஒரே தடித்த ஜாக்கெட்டை வாங்குவது தவறு. ஏறும்போது வியர்க்கும், நின்றால் குளிரும். கழற்றி மாட்ட அடுக்கடுக்காக வேண்டும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன் இரண்டு செட், அதன்மேல் ஃப்ளீஸ், தங்குமிடத்துக்கு இறகு ஜாக்கெட், காற்றுக்கும் பனிக்கும் மெல்லிய நீர்புகா மேலுறை. பருத்தி வேண்டாம். ஊரில் அதைவிட நல்ல துணி இல்லை. மேலே அதுதான் எதிரி. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்ற நிமிடத்தில் ஈரத்துணியைப் போர்த்திய மாதிரி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பனியன், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ் மூன்றும் காத்மாண்டு அறையிலேயே இருக்கட்டும்.

பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுடும். முழுப் புற ஊதாத் தடுப்புள்ள, பக்கங்களையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். எஸ்.பி.எஃப் 50 களிம்பை மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும்கூடப் பூசுங்கள். நமக்குக் கறுத்த தோல், ஒன்றும் ஆகாது என்றிருந்தவர்கள் உரிந்த மூக்கோடு வருகிறார்கள். மெல்லிய கையுறை ஒன்று, தடித்தது ஒன்று, கம்பளிக் குல்லா, வாயை மூடும் குழல்துணி. 4,000-க்கு மேல் வறண்ட குளிர்காற்றால் 'கும்பு இருமல்' (கும்பு அந்த வட்டாரத்தின் பெயர்) பலரையும் பிடிக்கும். துணி வழியாக மூச்சு விட்டால் குறையும். நடைக்கம்பு இரண்டு.

மைனஸ் 10 முதல் 15 வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும் இறகு ஜாக்கெட்டும் காத்மாண்டுவின் தமேல் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கும். டெல்டாவில் வாழ்நாளில் மறுபடி தேவைப்படாத பொருளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஷூவை மட்டும் ஒருநாளும் அங்கே போய் வாங்காதீர்கள்.

லுக்லா விமானத்தில் கைப்பை உட்பட 15 கிலோதான் வழக்கமான வரம்பு. வீட்டிலேயே எடை போடுங்கள். போர்ட்டர் தூக்கும் பை ஒன்பது, பத்து கிலோ; உங்கள் முதுகில் ஐந்து. ஒரு போர்ட்டர் இருவர் பையைத் தூக்குவது வழக்கம். அவருக்கும் காப்பீடும் குளிருடையும் இருக்கிறதா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்

சாப்பாடு பற்றி டெல்டாக்காரர் கவலைப்பட வேண்டாம். பருப்பு, சோறு, காய், கீரை என்று வரும் தால் பாத்தைக் கேட்கக் கேட்க மறுபடி போடுவார்கள். நாம்சேக்கு மேல் இறைச்சி வேண்டாம். கீழிருந்து நாட்கணக்கில் சுமந்து வருவது. 4,000-க்கு மேல் பசி செத்துவிடும், அப்போது பழகிய ருசிதான் வாய்க்குள் இறங்கும். ஒரு சின்ன டப்பாவில் பருப்புப்பொடி, பத்துப் பதினைந்து கடலைமிட்டாய், எள்ளுருண்டை, உப்பு நார்த்தங்காய். குமட்டும்போது நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் இரண்டு கவளமாவது உள்ளே போகும். பூண்டு சூப் உயரநோயைத் தீர்க்கும் என்பார்கள். சூடான, உப்புள்ள தண்ணீர் என்ற அளவில் நல்லது.

நாளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீர், சூப்பும் தேநீரும் சேர்த்து. ஓடைத் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கடுங்குளிர்த் தண்ணீருக்கு இன்னும் அதிக நேரம். வடிகட்டிக் குழாய் கொண்டுபோனால் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. கைபேசி, பவர் பேங்க்கும் உள்ளேதான் தூங்க வேண்டும். பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக முடியும், 27,000 எம்.ஏ.எச்.-க்கு மேல் வேண்டாம். தடித்த பாட்டிலில் வெந்நீர் ஊற்றிச் சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டால் இரவுக்குச் சூடு, காலைக்குக் குடிநீர்.

காகிதமும் காசும்

இந்தியருக்கு நேபாள விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போனால் கவுன்டரிலிருந்தே திரும்பி வரலாம். வழியில் வரும் சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவில், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். உள்ளூர் நகராட்சி அனுமதியை லுக்லாவிலேயே வாங்கலாம். 1 இந்திய ரூபாய் 1.60 நேபாள ரூபாய், நிலையான மதிப்பு. ஐந்நூறு ரூபாய் நோட்டு குறித்த விதி மாறி வந்திருக்கிறது. கிளம்பும் வாரத்தில் வங்கியில் கேட்டுவிட்டு நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்வது தொல்லையில்லாதது. நாம்சேக்கு மேல் எல்லாம் ரொக்கம். சார்ஜ் போட, வெந்நீர் குளியலுக்கு, இணையத்துக்கு எல்லாவற்றுக்கும் தனிக் காசு.

காப்பீட்டில் கவனம் வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் மலையேற்றமே விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட உயரம் வரைதான். 6,000 மீட்டர் வரை நடை, ஹெலிகாப்டர் மீட்பு இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஹெலிகாப்டர் கிளம்பும் முன் தங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லும்; அந்த எண்ணைத் தாளில் எழுதி வழிகாட்டியிடமும் கொடுங்கள். தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணம் பறிக்கும் மோசடி 2018-ல் பெரிய செய்தியானது. லேசான தலைவலிக்கு உடனே ஹெலிகாப்டர் என்று யாராவது அவசரப்படுத்தினால், நடந்து இறங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

மலையில்

மாட்டுவண்டி வேகம் போதும். நேபாளிகள் 'பிஸ்தாரை, பிஸ்தாரை' என்பார்கள், மெதுவாக, மெதுவாக என்று. உடம்பு திடமான இளைஞர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். கால் முன்னே ஓடிவிடுகிறது, ரத்தம் பின்தங்கிவிடுகிறது. யாக் கூட்டம் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. தொங்குபாலத்தில் அவை வரும்போது கால் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு மாலையும் நான்கு கேள்வி: தலைவலி உண்டா, குமட்டலா அல்லது பசியில்லையா, வழக்கத்துக்கு மீறிய அசதியா, தலைசுற்றலா. தலைவலியோடு மற்ற மூன்றில் ஒன்று சேர்ந்தால் உயரநோய் என்றே வைத்துக்கொண்டு, மறுநாள் ஏறாதீர்கள். பாரசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்து, அதே இடத்தில் தங்குங்கள். தெளிந்தால் தொடரலாம், கூடினால் இறங்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 5,000 மீட்டரில் 80 சொச்சம் காட்டினால் பதறாதீர்கள், அங்கே அது சாதாரணம். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று மறுபடி வேகமாக வருவதும் பொதுவானதே.

பயப்பட வேண்டியவை வேறு. வரப்பில் நடக்கிற மாதிரி, குதிகாலுக்கு முன் விரல் ஒட்ட, பத்தடி நேராக நடக்கச் சொல்லுங்கள். சேற்று வரப்பில் ஓடி வளர்ந்தவர் தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கிறது. உளறல், குழப்பமும் அதே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமலில் நுரையோ இளஞ்சிவப்போ வந்தால், உதடு நீலம் பாய்ந்தால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உடனே இறக்கம், 500 முதல் 1,000 மீட்டர், நடு இரவானாலும், துணையோடு. ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும் இறங்குவதற்கு உதவியே தவிர மாற்றல்ல. பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973 முதல் இருக்கிறது. பருவ மாதங்களில் பிற்பகலில் உயரநோய் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். நாம்சேக்கு மேலே குண்டேயில் 1966-ல் தொடங்கிய ஆஸ்பத்திரியும் உண்டு.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வேலை மிச்சம். நம் ஊர் ஈரக்காற்று ஷூவைத் தின்றுவிடும். பாலியூரித்தேன் அடிப்பாகத்தில் ஈரம் ஏறி, இரண்டு மூன்று வருடம் அட்டைப்பெட்டியில் கிடந்த ஷூ வெளியே புதிது போலிருந்தாலும், அடுத்த பயணத்தின் முதல் நாளில் அடிப்பாகம் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். மண்ணைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் காற்றோட்டமான பரண் ஓரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள். நண்பரிடம் பழைய ஷூவை இரவல் வாங்குகிறவர்கள் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரிசலோ பொடியோ தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.